சில நாள் நம்புகிறவர்

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையாலும் டாக்டர் கொடுத்த நீல மாத்திரையாலும் நாங்கள் இங்கே நலம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கியாயிற்று. வாங்கிய முதல் ஞாயிறே பிரசங்கம் தொடங்கியதும் அதை அணைத்துவிட்டு, ஆமென் சொல்லும் நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அந்த வசதி இல்லாமல் ஐம்பது நிமிஷம் உபவாசத்தின் மேன்மையைக் கேட்டேன். அதைப் பேசிய நம் புதுப் போதகரின் அங்கியைத்தான் போன வாரம் என் தையல் கடையில் உட்கார்ந்து இடுப்புப் பக்கம் இரண்டு அங்குலம் பிரித்துத் தைத்தேன். தையற்காரிக்குத் தெரியாத ரகசியம் சபையில் கிடையாது. உன் தங்கையின் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள், முகம் அப்படியே உன் அப்பாதான், தலையில் முடி இல்லை, காரணமில்லாமல் எல்லாரையும் முறைக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க முடியாது என்று நீ எழுதிய நாலு பக்கமும் வந்து சேர்ந்தது. அடியே, அது கடிதமா, பரீட்சைத் தாளா? மூன்று அறிஞர்களை வரிசையாகக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறாய். ஒருவர் கடவுள் ஒளிந்துகொண்டிருக்கிறார் என்கிறாராம், இன்னொருவர் ஒளிந்திருப்பதுதான் அவருடைய அன்பு என்கிறாராம், மூன்றாமவர் சொல்வது எனக்கு மூன்று தடவை படித்தும் விளங்கவில்லை, அப்பா அகராதியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அகராதிக்கும் விளங்கவில்லை. படித்தவர்களை நான் பழிக்கவில்லை, அவர்கள் புண்ணியத்தில்தான் நீ வாயைத் திறக்குமுன் யோசிக்கக் கற்றாய், நம் வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இத்தனை பேரையும் சுற்றி வந்து நீ சொன்னது ஒரே ஒரு சங்கதி, எனக்கு முழுசாக நம்பிக்கை இல்லை, அதனால் கோயிலில் எல்லார் முன்னாலும் நின்று நம்புகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன் என்பதுதான். அதற்கு ஒரு தபால் அட்டை போதுமே. உன் தங்கை உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், மேல் தொட்டியே காலி. அவள் உன் போனை எடுக்காதது அதனால்தான், கோபம் இல்லை, வருத்தம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், இத்தனை வருஷம் உன் பெரியம்மா வெளியே விடக்கூடாது என்று என் வாயை அடைத்து வைத்திருந்தாள். உன் ஞானத்தகப்பன் யார், லிப்ட் மாமா, அப்பாவோடு வேலை பார்த்த லிப்ட் மெக்கானிக். உனக்கு ஒன்பது வயதில் அவர் இறந்துபோனார், உனக்கு நினைவிருந்தால் கிரீஸ் வாசனையும் கணீரென்ற தும்மலும்தான் நினைவிருக்கும். உன் ஞானஸ்நானத்தன்று பழைய போதகர் விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார். ஞானத்தாயான உன் பெரியம்மா வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி விசுவாசிக்கிறேன் என்றாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சொன்னேன். இந்த மனிதர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, சில நாள் நம்புறேன் பாஸ்டர், சில நாள் முடியல, இன்னிக்கு எப்படின்னு இன்னும் தெரியல என்றார். பெரியம்மா என் முழங்கையைக் கிள்ளிய கிள்ளில் தோல் கன்றிப் போயிற்று. போதகர் நனைந்த கையோடு அவரையே பார்த்தார், பிறகு குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி, எனக்கும் அப்படித்தான்யா, சீக்கிரம் ஏதாவது சொல்லித் தொலை, பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகுது என்றார். மாமா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, அட, அப்போ சரி, நம்புறேன் என்று கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன், உன்னைக் கையில் வைத்துக்கொண்டு. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு அது. உனக்கு முன்னால் ஒன்று வயிற்றிலேயே போனது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னது முழுப் பொய், ஒரு கடுகளவுகூட உள்ளே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்ட அந்த இரண்டு பேரைப் பார்த்த பிறகுதான், இந்த இடத்தில் நானும் உட்காரலாம் போலிருக்கிறதே என்று தோன்றியது. உன் அறிஞர்களுக்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, எனக்கு வாய்த்த வேத பண்டிதர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மாமா எனக்கு ஒரு வசனம் சொன்னதில்லை. கரண்டு போய் லிப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாராம், ஒன்னும் ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது, எனக்கென்ன தெரியும், இங்கேதான் இருக்கேன், போக மாட்டேன்னு மட்டும் சொல்வேன் என்பார்.

நீ மறுத்ததும் புதுப் போதகரின் மனைவியை நிற்கச் சொல்லலாமே என்று நான்தான் தங்கையிடம் யோசனை சொன்னேன், நல்ல பெண், பஸ் சீக்கிரம் வந்தாலே ஸ்தோத்திரம் சொல்லுவாள். உன் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அவங்க எல்லா நாளும் நம்புறாங்கம்மா, என் பொண்ணுக்கு நம்ப முடியாத நாள் வந்தா அவ யார்கிட்ட போவா என்று கேட்டாள்.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், கத்தாதே. ஞானப் பெற்றோர் படிவத்தைப் புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள், உன் பெயருக்கு நேராக நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் அட்டையில் நீ என் கையெழுத்தைப் போட்டவள்தானே, வாயைத் திறக்காதே. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பதரை மணி ஆராதனை. பல்லுக்கு வைத்தியம் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நீ நினைக்கிற நாளும் நினைக்காத நாளும் கர்த்தர் உன்னைக் காப்பாராக, அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக எழுதச் சொன்னார். உன்னை முன்னிட்டு அந்தக் கோயிலில் நான் சொன்ன இரண்டாவது பொய் அந்தக் கையெழுத்து. முதல் பொய் பாதியாவது உண்மையாக எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. இரண்டாவதை உண்மையாக்க நீ வந்து நின்றால் போதும். வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா