சட்டைக் கையில் மூன்று காரணம்

சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. உன் நலத்தை நீ சொல்லித்தான் தெரிய வேண்டுமா, வீடியோவில் பார்த்தேனே, கழுத்தெலும்பு எட்டிப் பார்க்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் அப்பா பிடுங்கித் தன் கதையாக்கிவிடுவார், அதனால்தான் கடிதம்.

என் படிப்பின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். கல்யாணமான புதிதில் அஞ்சல்வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன், பாடமெல்லாம் தபாலில் கட்டுக்கட்டாக வரும், நல்ல கெட்டிக் காகிதம், அதுதான் வினை. தையல்காரரைக் கட்டிக்கொண்டவள் கெட்டிக் காகிதத்தை வெளியே வைக்கலாமா? ஒருநாள் பார்த்தால் வரலாறு மூன்றாம் பாடம் சட்டைக் கை வெட்டும் அளவுக் காகிதமாகி ஆணியில் தொங்குகிறது. பிறகு நீ பிறந்தாய், படிப்பு நின்றது. நீ பள்ளிக்கூடம் போனதும் மறுபடி சேர்ந்தேன், அப்போது பாடம் சிடியில் வந்தது, அதை அப்பா துணி காயப்போடும் கொடியில் கட்டிக் காக்கை விரட்டினார். நான்கு வருஷம் முன்பு நீ ஆன்லைனில் சேர்த்துவிட்டபோது, அப்பாடா, இதில் மனுஷன் கை வைக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

எல்லாத் தாளும் தேறி வரலாறு மட்டும் பாக்கி. வீட்டிலிருந்தே தேர்வு, எங்கிருந்தோ ஒரு மேடம் கேமரா வழியாகக் கண்காணிப்பார், மூன்று எச்சரிக்கை வாங்கினால் தேர்வு ரத்து. உட்கார்ந்ததுமே முதல் எச்சரிக்கை, பின்னால நிக்கிறவர் வெளிய போங்க என்று. திரும்பினால் துணி மாட்டும் பொம்மை! அதுக்குத் தலையே இல்ல மேடம் என்றேன், நம்பவில்லை. சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்து பொம்மையை இடுப்போடு கட்டித் தூக்கிக்கொண்டு கேமராவுக்குக் குறுக்கே போனார், இரண்டாவது எச்சரிக்கை. அப்புறம் மேடம் சுவரைக் காட்டச் சொன்னார், ஆணியில் தொங்கிய அந்த மூன்றாம் பாடச் சட்டைக் கையையும் கழற்றி வெளியே வீசினேன். வினாத்தாளைத் திறந்தால், தொழிற்புரட்சிக்கான ஐந்து காரணங்களை விளக்குக என்று இருக்கிறது. சின்னக்குட்டி, முப்பத்தொரு வருஷமாக அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்ட சட்டைக் கை! மூன்று காரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். 'நான்காவதாக' என்ற இடத்தில் அக்குள் வளைவு வந்துவிடும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. முடித்து வந்து புலம்பினால், அப்பா பெட்டியைக் கிளறி ஒரு காகிதத்தை நீட்டி, எங்கிட்ட கேட்டிருக்கக்கூடாதா, நாலும் அஞ்சும் காலர்ல இருக்கே என்கிறார்.

தேற நாற்பது வேண்டும், நாற்பத்தொன்று வந்திருக்கிறது. அழவில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொல்வதற்கென்ன, அழுதேன். அவரோ அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், மூணு காரணம் நான் வெட்டிக் குடுத்ததுதான் என்று பீற்றிக்கொள்கிறார்.

உடம்பும் மனசும் நிறைந்து இரு கண்ணு, என் ஆசி என்றும் உனக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. பட்டச் சான்றிதழ் தபாலில் வருமாம், நல்ல கெட்டிக் காகிதமாம், அப்பா இப்போதே அதன் நீள அகலம் விசாரிக்கிறார். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் பூட்டி வை.

இப்படிக்கு,
உன் அம்மா, பி.ஏ.