டிக்கியை நான் சாத்திய விதம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் இருமல் இதற்குள் விட்டிருக்க வேண்டும், விடவில்லையென்றால் டாக்டரிடம் போ, போனில் தேடித் தேடி நீயே மருந்து சாப்பிடாதே. இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, உன் தங்கைக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ரொம்ப நாளாகக் கொதித்துக் கொதித்து இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அது அடங்கிய கதையைப் போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். கடைசி வரைக்கும் படி.

நம் கார் டிக்கியில் தண்ணீர் ஒழுகுவது உனக்குத் தெரிந்ததுதான். மழை பெய்தால் பின் கதவைச் சுற்றி எங்கிருந்தோ இறங்கி, ஸ்டெப்னி வைக்கிற குழியில் குளம் கட்டி நிற்கும், விரிப்பெல்லாம் ஊறி வண்டிக்குள் ஈரச்சாக்கு நாற்றம். இது தெரியாத முதல் மழையன்று அதில்தான் பல் டாக்டர் அம்மாவின் மகளுக்குத் தைத்த கல்யாண உடையைக் கொண்டுபோனேன். வெள்ளை சாட்டின், பின்னால் தரையில் புரளுகிற மாதிரி நீளம், ஓரமெல்லாம் கையாலேயே தைத்தது. அங்கே போய் எடுத்தால் துணியின் நடுவே துரு நிறத்தில் ஒரு கோடு. அந்தப் பெண் அழுதாள், டாக்டர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு ரவிக்கைகூட எனக்குத் தைக்க வரவில்லை. வீட்டுக்கு வந்தால் இங்கேயும் நான்தான் குற்றவாளி. உன் சித்தப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு, "அண்ணி டிக்கிய தொட்டும் தொடாம சாத்துறாங்க, அடிச்சு சாத்தணும்ல, பொம்பளைங்க கைக்கு அது வராது" என்றார். தம்பி சொல்லிவிட்டால் உன் அப்பாவுக்கு வேறு சாட்சி வேண்டுமா, ஆணியில் தொங்கின சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு நீ வண்டி எடுக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். வண்டி இல்லாமல் நான் தைத்த துணியை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டா? நீயும் உன் பங்குக்குப் போனில், "அவசரத்துல சரியா சாத்தியிருக்க மாட்டம்மா" என்றாய். அதை நான் மறக்கவில்லை.

சாவி அவர் பையில் இருந்தால் என்ன, சட்டை துவைக்கிறது நான்தானே. தையல் சாக்கட்டியை இடித்துப் பொடியாக்கி டிக்கி ரப்பர் முழுக்கத் தடவி மூடி வைத்தேன். மழை நின்றதும் திறந்து பார்த்தால் சுற்றிலும் பொடி அப்படியே இருக்கிறது, வலது பக்க மேல் மூலையில் மட்டும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அளவு வெட்டுகிற தாளைத் துண்டு துண்டாக இடுக்கி, கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் தாள் கிழிந்தது, அந்த மூலையில் மட்டும் சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரை உரித்தேன், அதன் இரண்டு முனையும் சேருகிற இடம் அங்கேதான் இருந்தது. எதிர்வீட்டு நர்ஸிடம் இதே வண்டி, அவள் டிக்கியைத் திறந்து பார்த்தால் அந்தச் சேர்மானம் கீழே நடுவில் இருக்கிறது. ஆக, நம் ரப்பரை யாரோ கழற்றி ஏனோதானோ என்று திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அடியில் தகடு நெளிந்து, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தது, விரலால் தடவினாலே மேடு தெரிந்தது. கடைசியாக வண்டியை இரவல் வாங்கிப் போனது யார்? உன் சித்தப்பா. திருப்பித் தரும்போது கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினாரே, நான்கூட வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னேனே. சொந்த வண்டியையே மழை கழுவட்டும் என்று விடுகிற ஆள். அவருக்கு 'ர்' போட்டு எழுதுவது உனக்காக, மனசுக்குள் நான் போடவில்லை.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பார், உன் அப்பாவும் தலையாட்டுவார். வரட்டும் என்று காத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், சாப்பிட்டுக் கை கழுவியதும் பழைய பாட்டையே ஆரம்பித்தார். நான் தேனாகப் பேசினேன். "எங்க கண்ணுக்கு எதுவும் புலப்படல தம்பி, நான் வெளிய தண்ணி அடிக்கிறேன், நீங்க உள்ள உக்காந்து பாத்து சொல்லுங்க, ஒழுகலன்னா நான் இனிமே சாவியே கேக்கல" என்றேன். உடனே டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறி, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டு முழுக்கத் துணி மூட்டைகளை நான் காலையிலேயே அடுக்கியிருந்தேன், அந்தப் பக்கம் தாண்டிப் போக முடியாது. உன் அப்பா குழாயடியில், ஹோஸ் என் கையில். பார்த்தால் மனுஷன் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் வலது பக்கம் நகருங்கள், கால் இடிக்கும் என்றேன். "அங்க வேணாம் அண்ணி, அங்கதான் ஒழுகும்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. உன் அப்பா குழாயடியிலிருந்து தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டிக்கியை அடித்துச் சாத்தினேன், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் போதும் என்று உன் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் முழுக்கத் திருப்பினார்.

வெளியே வரும்போது புதுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் எடுக்கும்போது ஒரு தூணில் லேசாகப் பட்டதாம், அண்ணன் திட்டுவாரே என்று தெரிந்த பெயின்டரிடம் அவசரமாகச் சரி செய்தாராம். என்னை எல்லாரும் திட்டினபோது மட்டும் நாக்கு எங்கே போயிருந்தது? இத்தோடு நான் விடவில்லை. பழைய பசையை அவர் நகத்தாலேயே சுரண்ட வைத்தேன். மறுநாள் பட்டறைக்கு அவரையே அனுப்பித் தகட்டை நிமிர்த்தி, புது ரப்பரைச் சேர்மானம் கீழே வருகிற மாதிரி மாட்ட வைத்தேன். அன்று சாயங்காலமே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் வண்டியை ஓட்டிக்கொண்டு பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கறைக்குக் காரணம் நான்தான், அண்ணி இல்லை என்று வாசலில் நின்று அவர் வாயாலேயே சொன்னார். டாக்டர் அம்மா கேட்டுவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது, வண்டிச் சாவி என் கைப்பையில் இருந்தது. எனக்குக் கொடுத்த டீயை ஆற அமரக் குடித்தேன், இன்னும் ஒரு டீ தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய சின்ன மகளின் உடைக்கு அளவெடுக்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது சாவி ஆணியில் தொங்குகிறது. உன் அப்பா இன்னும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை, அதனால் அவர் சட்டையை அவரே துவைத்துக்கொள்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, யாராவது உன் வண்டியை இரவல் வாங்கிக் கழுவிக் கொடுத்தால் முதலில் குனிந்து பார். நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. லீவுக்கு வரும்போது உன்னைக் கூட்டிவர நான்தான் வண்டி எடுத்து வருவேன். முன்னால் உன் அப்பா, பின் சீட்டில் வழக்கம்போலத் துணி மூட்டைகள், உனக்கு இடம் எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயப்படாதே, இப்போது அங்கே ஒரு சொட்டு ஒழுகாது. அடித்துத்தான் சாத்துவேன்.

எதையும் மறக்காத,
உன் அம்மா