எண் போடாத மனுக்கள்

பிப்ரவரி 3

துறைக் கையேட்டுக்காக மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதித் தர வேண்டுமாம். இதுவரை என்ன செய்தோம், படித்து முடித்து என்ன ஆகப் போகிறோம். நூறு சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

சமூக நல அலுவலகத்தில் பதினொரு வருடம், நான்காவது கவுண்டர். இப்போது படிப்பு விடுப்பு, பொதுக் கொள்கையில் முதுகலை. அவ்வளவுதான், மிச்சச் சொல்லை எல்லாம் எதைக் கொண்டு நிரப்புவது? என்ன ஆகப் போகிறேன் என்று தெரிந்தால்தானே.

பிப்ரவரி 7

எல்லோருடைய பத்தியையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். டாக்டர் (நிஜ டாக்டர், போன வருடம் வரை ஊசி போட்டுக்கொண்டிருந்தவள்) மருந்து விலையைக் குறைக்கப் போகிறாள். அவள் அதை நம்புகிறாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வங்கியிலிருந்து வந்தவன் ஒருவன் "சுருக்கமா சொன்னா" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுவான். அதனால் அவனுக்குச் சுருக்கம் என்றே பெயர். முப்பத்தைந்து வயதுக்குள் திட்டக்குழு ஆலோசகர் ஆகிவிடுவானாம். ஆகிவிடுவான்.

என்னுடையது: "மக்களோடு நேரடியாகப் பணியாற்றிய அனுபவம். நலத்திட்டங்கள் கடைசி மனிதரையும் சென்றடையப் பாடுபடுவதே இலக்கு." வேறு யாரோ எழுதியது போலிருந்தது. வெட்கம்கூட வரவில்லை.

பிப்ரவரி 10

அம்மா போனில். "படிச்சு முடிச்சா தனி ரூம் குடுப்பாங்களாடி?"

குடுப்பாங்கம்மா.

"இனிமே அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து தொண்டைத்தண்ணி வத்தக் கத்த வேண்டாம்ல?"

வேண்டாம்மா.

பிப்ரவரி 18

டாக்டர், சுருக்கம், நான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆய்வு. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசு தருகிற உதவித்தொகை. அதற்கு மனு வாங்கும் நாற்பத்தாறு அலுவலகங்களின் மூன்று வருடப் புள்ளிவிவரம். ஊர்ப் பெயர் கிடையாது, அலுவலகத்துக்கு ஓர் எண் மட்டும். எது சிறப்பாக நடக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இருபத்தொன்பதாம் அலுவலகத்தில் நூறு மனுவுக்கு இரண்டுதான் நிராகரிப்பு. மற்ற இடங்களில் இருபது, முப்பது. சுருக்கம் மேசையைத் தட்டினான். "இவங்க ஏதோ சரியா பண்றாங்க." நிஜமாகவே சுருக்கமாகச் சொன்னது இன்றைக்குத்தான்.

அந்த வரிசையில் ஓர் அக்டோபருக்கு நேரே பூஜ்யம். கூரை மாற்றுவதற்காக அந்த மாதம் முழுக்க மூடிக் கிடந்தது. நான் வீட்டில் இருந்தேன், அலமாரியை ஒழித்தேன். எங்கள் அலுவலகம்தான்.

பிப்ரவரி 19

சொல்லவில்லை.

பிப்ரவரி 25

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் மனுவை வாங்கியதும் பதிவு எண் போட மாட்டோம். முதலில் புரட்டிப் பார்ப்போம். ஒரு கையெழுத்து விட்டுப் போயிருந்தால், ஒரு தேதி இல்லாவிட்டால், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம். நான் சேர்ந்த முதல் வாரத்தில் மேலாளர் சொல்லிக்கொடுத்தது: "நம்பர் போட்டாதாம்மா அது மனு. போடலேன்னா வெறும் பேப்பர்." வெறும் பேப்பரை நிராகரித்ததாகக் கணக்கு வராது. வந்ததாகவும் வராது. எனக்கு அதில் கை வேகம் அதிகம். சிறந்த பணியாளர் சான்றிதழ் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன்.

ஒரு தையல்காரர் வந்தார். மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதல் தடவை மருத்துவச் சான்றில் தேதி இல்லை. இரண்டாம் தடவை தேதி இருந்தது, முத்திரை மங்கல். அன்றைக்கு என் சட்டைக் கையைப் பார்த்து, "தோள்கிட்ட தையல் விட்டிருக்கும்மா, இன்னொரு தடவ துவைச்சா பிரிஞ்சுடும்" என்றார். மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது, ஆனால் சான்று வாங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது. புதிதாக வாங்கி வரச் சொன்னேன். வரவில்லை.

வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 6

இருபத்தொன்பதாம் அலுவலகத்தின் ஆண்டறிக்கையை, ஊர்ப் பெயரை மறைத்த நகலாக, சுருக்கம் கேட்டு வாங்கிவிட்டான். "பதிவுக்கு முன்பே சரிபார்த்தல்" என்று ஒரு வரி. இதுதான் ரகசியம் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப் போய்த் திட்டக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். நேரில் வந்து விளக்கச் சொல்கிறார்களாம். நாற்பத்தாறு அலுவலகத்திலும் இதையே கொண்டுவர யோசனையாம். படிப்பு முடிந்ததும் எங்கள் மூவருக்கும் அங்கேயே வேலை கிடைக்கும் என்கிறார்.

தனி அறை இருக்கும்.

மார்ச் 7

நாற்பத்தாறு ஊர். ஊருக்கு ஒருத்தி என்னை மாதிரி உக்காந்து, தேதி இல்ல, முத்திரை இல்ல, போ, நாளைக்கு வா — என்னடி பண்ணிட்டிருக்க நீ? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?

மார்ச் 12

சொல்லிவிட்டேன். பேராசிரியர் அறையில், டாக்டரையும் சுருக்கத்தையும் வைத்துக்கொண்டு. கவுண்டரில் பேசுகிற குரலிலேயே சொன்னேன்.

டாக்டர் கேட்டாள், "அப்போ அந்தத் தையல்காரர் நம்ம டேட்டால எங்க இருக்காரு?"

"எங்கயும் இல்ல."

சுருக்கம் கையிலிருந்த மூன்று பக்கத்தையும் மடித்தான். பிறகு, "மூணு வாரமா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேக்கா" என்றான்.

பேராசிரியர், "திருப்பி அனுப்பினவங்க எத்தனை பேர்? ஆதாரம் இருக்கா?" என்றார். யாரும் எண்ணவில்லை சார் என்றேன். "அப்போ எண்ணிட்டு வாங்க" என்று கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

மார்ச் 30

திட்டக்குழு வேறு குழுவைக் கூப்பிட்டுவிட்டது. சுருக்கம் என்னோடு பேசுவதில்லை. மற்றவர்களிடமும் இப்போது சுருக்கமாகத்தான் பேசுகிறான்.

கையேட்டில் திருத்தம் செய்ய இன்றே கடைசி நாள். என் பத்தியை அடித்துவிட்டு எழுதினேன்: "பதினொரு வருடம் ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். எத்தனை பேர் என்று எண்ணப் போகிறேன்." வாங்கிக்கொண்ட எழுத்தர், "இவ்ளோதானா மேடம்? இன்னும் இடம் இருக்கே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 15

விடுமுறை தொடங்கியதும் பழைய அலுவலகத்துக்குப் போனேன். மேலிடத்து அனுமதிக் கடிதம் கையில். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "என்னம்மா இது" என்றார். திட்டவில்லை. "சரி, உள்ள வந்து உக்காரு, ஃபேன் இருக்கு." நான் வெளியிலேயே, நான்காவது கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் இருக்கிறேன் என்றேன். கவுண்டரில் புதுப் பெண். கை வேகம்.

பன்னிரண்டு மணிக்குள் முப்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கு எண் கிடைத்தது. மற்றவர்களுக்கு நோட்டில் ஆளுக்கொரு கோடு.

பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். மகனுக்காகவாம். காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உனக்கு இது எத்தனாவது தடவம்மா?"

"முதல் தடவைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவப்பட்டுவிட்டார் போல. நகர்ந்து இடம் விட்டு, பையிலிருந்து மருத்துவச் சான்றை எடுத்து என் மடியில் வைத்தார். "இங்க பாரு. இந்த எடத்துல தேதி இருக்கணும். அந்தப் பொண்ணு மொதல்ல அதத்தான் பாக்கும். அப்புறம் முத்திரை. நான் மூணு தடவ வந்து கத்துக்கிட்டேன்."

அவர் முறை வந்தது. போனார். பையோடு திரும்பி வந்தார்.

கோடு போட்டேன். கோணலாக விழுந்தது. வலித்தது, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.