வாசலில் நிற்கும் மந்திரி

அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கல்லூரியில் உங்கள் சரித்திர வகுப்பை இப்போது வேறொருவர் எடுக்கிறார். காந்திபுரத்து பஸ் நெரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் செர்பியா தினமும் பேப்பரில் வருகிறது, எல்லாம் போர்ச் செய்தி. அந்தப் பெயரைப் பார்த்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

எரியாதா? நான் உங்களுக்கு ஒற்றைப் பிள்ளை. ஆனால் நூறு வருஷத்துக்கும் முன்னால் செர்பியாவில் இருந்த ஒரு மந்திரியின் வாழ்க்கையை எழுதுவதிலேயே உங்கள் சாயங்காலமெல்லாம் போனது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல், பேசியே துருக்கிப் படையைக் கோட்டையை விட்டு அனுப்பினாராம். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தாராம். நான் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மா முகத்தைப் பார்ப்பீர்கள். மந்திரிக்குப் பதவி போன அத்தியாயத்தை எழுதிய அன்று நீங்கள் சாப்பிடவே இல்லை. நான் கணக்கில் பெயிலான அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டீர்கள்.

தாராபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் பேச்சுதான். மாப்பிள்ளையின் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்த மந்திரி உங்களுக்கு என்ன ஒறவுங்க?" என்றார். நீங்கள் பதில் சொல்லாமல் சிரித்தீர்கள். ஏன் சொல்லவில்லை?

நீங்கள் போனதும் அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன். கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கிறது. பதவி போன மந்திரி மழையில் நனைந்தபடி தன் வீட்டு வாசலுக்கு வருகிறார். அதோடு உங்கள் எழுத்து நின்றுவிட்டது. நிற்கட்டும் என்றுதான் விட்டேன்.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் இரண்டு இலை போட்டாள். எதற்கு இரண்டு என்றேன்.

"உங்கப்பா அந்த மந்திரிய வாசல்லயே நிக்க உட்டுப்போட்டுப் போயிட்டாரு அம்மணி. ஊடு தேடி வந்தவர உள்ள கூப்புட்டு ஒரு வாய் சோறு போட வேண்டாமா?"

எழுதியதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

இரண்டாவது இலைக்கு நான்தான் பரிமாறினேன். ஒரு வடை குறைத்துத்தான் வைத்தேன், மறைக்கவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் அதையும் வைத்துவிட்டு அழுதேன்.

காகிதக் கட்டைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன் அப்பா. உங்கள் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. அடுத்த திதிக்குள் அவரை வீட்டுக்குள் கூட்டிவந்து புத்தகத்தை முடித்துவிடுகிறேன். பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். மூத்தவன் மேல் பொறாமை இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் இளைய பிள்ளை
சுமதி