சத்தமில்லாமல் இறங்கிய வண்டி

பாப்பாவின் பள்ளிச் சட்டையை ஊறப்போட எடுத்தபோது காலரில் ஒரு வாடை. அடுப்புப் புகை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் துணி எல்லாவற்றிலும் அதுதான் வீசும். இது வேறு. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகியது போல, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாடை. மறுநாள் சட்டையையும் முகர்ந்தேன். அதற்கடுத்த நாளும் முகர்ந்தேன். மூன்றாம் நாள் உன் நினைவு வந்தது.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இதை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

நாம் இரண்டு பேரும் நாமக்கல்லில் இயற்பியல் படித்த காலம். ஞாயிறு ஊரில் இருந்துவிட்டு, திங்கள் முதல் பஸ்ஸில் மலை இறங்குவோம். அப்படி ஒரு திங்கட்கிழமை, பாதி வளைவுகள் தாண்டியதும் நீ எழுந்து நின்றாய். "டிரைவர் அண்ணா, பிரேக் கருகற வாசம் வருதுங்க. கொஞ்சம் நிறுத்தி ஆற உடுங்க."

கண்டக்டர் விடுவாரா? "ஏனுங்க, அந்தப் புள்ளையோட மூக்குக்குத் தனியா ஒரு அரை டிக்கெட் கிழிச்சிரட்டுங்களா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. காலடியில் பலாப்பழம் வைத்திருந்த ஒரு அம்மா, "காலேஜு போனா மூக்கு நீண்டுக்குமாட்ட இருக்குது" என்றார். நீ உட்காரவில்லை. கடைசியில் டிரைவர் நிறுத்தி, இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் பத்திரமாக மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே வகுப்பில் உனக்கு 'அரை டிக்கெட்' என்று பேர். அதை அங்கே கொண்டுபோய்ச் சொன்னது யார் என்று நீ கேட்கவே இல்லை. நான்தான்.

விடுதியில் நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பஸ்ஸு போய்ச் சேந்துருச்சுன்னா, நான் சொன்னது பொய்யாயிருமா புள்ள?"

உனக்கு அசைகிற எந்தப் பொருள் மேலும் நம்பிக்கை கிடையாது. மழை நாளில் செருப்பின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பாய். சில்வர் ஓக் இலை நனைந்து கிடந்தால் ரோட்டின் ஓரத்துக்குப் போய்விடுவாய். சிமெண்டுக் களத்தில் மிளகு காய்ந்தால் சுற்றிக்கொண்டு வருவாய். ஒரு மிளகு போதும் ஆளைச் சாய்க்க என்பாய். தேர்வுக்கு முந்தின நாள் எனக்குப் பிரேக்கை விளக்கினாய். சக்கரத்தின் ஓட்டம் எங்கும் காணாமல் போவதில்லை, உரசி உரசிச் சூடாக மாறி, சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங் பட்டையில் உட்கார்ந்துகொள்கிறது. சூடு அளவுக்கு மீறினால் லைனிங்கின் பிடி விட்டுப்போகும். அதனால்தான் இறக்கத்தில் வண்டி கியரில் இருக்க வேண்டும், எஞ்சினும் சேர்ந்து சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். நான் அதை எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதற்கப்புறம் அதை நினைத்ததே இல்லை.

இப்போது பாப்பா ஒன்றாம் வகுப்பு. எங்கள் மலையூர் வளப்பூர் நாட்டிலிருந்து நீளமான ஓர் இறக்கம் இறங்கி, சோளக்காட்டுப் பக்கம் பள்ளிக்கு வேனில் போகிறாள். வேன் ஓட்டுகிறவர் பக்கத்து ஊர்க்காரர், பிள்ளைகளுக்கெல்லாம் மாமா. சட்டையைக் காயப்போட்டுக்கொண்டே அவளிடம் கேட்டேன்: "இறக்கத்துல வண்டி எப்படிக் கண்ணு சத்தம் போடும்?"

"சத்தமே போடாதும்மா. மாமா சாவியத் திருப்புனா வண்டி தூங்கிரும். அப்புறம் காத்துச் சத்தந்தான். ஜாலியா இருக்கும்."

எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுகிறார். இங்கே இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நிறையப் பேர் செய்வதுதான். அவ்வளவு பிள்ளைகளின் பாரமும் அந்த லைனிங்கின் மேல்.

பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். "புள்ள பேச்சக் கேட்டு ஒருத்தன் பொழப்புல கை வெக்காத. போன மாசந்தான் லைனிங் மாத்துனான்" என்றார். போன மாதம் மாற்றியது ஏன் அதற்குள் கருக வேண்டும்?

மறுநாள் சந்தையில் வேலை இருப்பதாகச் சொல்லி நானும் வேனில் ஏறினேன். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. எவ்வளவு பொறுப்பான மனிதர், நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டேன் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். பாப்பா முன்னால் எட்டி, "மாமா, இன்னைக்கு ஏன் வண்டியத் தூங்க வெக்கல?" என்றாள். கண்ணாடியில் அவர் கண் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பியது. "பாப்பா கனாக் கண்டிருக்கும்ங்க" என்றார்.

நான் அப்போதே பிள்ளையை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் சிரிப்பார்களே என்று பயம். கையில் ஆதாரம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நாள் பாப்பாவை வேனில் ஏற்றிவிடும்படி அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் போய் இறக்கத்தின் அடியில், பழக்கடைகளுக்குப் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலோடு நின்றேன்.

பனி இறங்கியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். முதலில் கேட்டது பிள்ளைகளின் சிரிப்பு. அதற்குப் பின்னால்தான் வேன் தெரிந்தது. கையைக் காட்டினேன். நிற்கவில்லை. என்னையும் தாண்டி, கடைசிப் பழக்கடையையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. ஜன்னலில் பாப்பா என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனாள்.

ஓடிப் போய் முன் சக்கரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். சொய்யென்று ஆவி கிளம்பியது.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்களே பாருங்கண்ணா, எப்படிக் கொதிக்குதுன்னு."

"இறக்கத்துல சூடாகத்தானுங்க செய்யும். இருவது வருசமா இப்படித்தான் இறக்கறேன், ஒண்ணும் ஆகல."

அன்னாசி அறுத்துக்கொண்டிருந்த அக்கா கத்தியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இருவது வருசமா சாமி ஓட்டுச்சு. இனியாச்சும் நீ ஓட்டு" என்றாள். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அவர் மேல். அவர் முகம் சுண்டிப்போனது. இனிமேல் கியரிலேயே இறக்குவதாகச் சத்தியம் செய்தார். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள். மற்றவர்கள், "அதான் சத்தியம் பண்ணிட்டாரே" என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பாப்பாவை நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன்.

வீட்டில் எல்லோரும் நான் கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. உனக்கு வாடை மட்டும் போதுமானதாக இருந்தது, எழுந்து நின்றாய். எனக்கு வாடையும் தெரியும், பிள்ளை சொன்னதும் தெரியும், கண்ணாடியில் அந்தக் கண்ணையும் பார்த்தேன். அப்படியும், நாலு பேர் முன்னால் காட்ட ஒரு கை ஆவி வேண்டும் என்று என் பிள்ளையையே அந்த இறக்கத்தில் இறக்கிவிட்டுக் கீழே நின்று காத்திருந்தேன்.

நேற்று பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு பாப்பா கேட்டாள்: "அன்னைக்கு நீ வேன்ல வராம ஏம்மா கீழ போய் நின்ன?"

உன்னிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.