ஆலைப் படத்தில் என் அப்பாவின் கை

அனுப்புநர்:
தறி ஓட்டுபவரின் மகன் (பத்தாம் வகுப்பு),
ஆலைக்கு எதிர்த்தெரு.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நலத்துறை.

பொருள்: ஆலைக் கதவருகே நடந்த மோதலைப் பற்றிய படத்தை நம்பி என் அப்பாவை வேலைநீக்கம் செய்ய வேண்டாமெனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டு டி.வி. நேற்று மாலை முதல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டுள்ளது என்னும் துயரச் செய்தியை முதற்கண் அறிவிக்கிறேன். நிர்வாகம் ஆள்வைத்து எடுத்த அந்தப் படம் கேபிளில் ஓயாமல் ஓடுகிறது. அப்பா சாப்பிடவில்லை. நாளை தாங்கள் அதைச் சாட்சியாக ஏற்றால் அவர் வேலை போய்விடும்.

2. படத்தின் இயக்குநர் தம்மை நடுநிலையாளர் என்கிறார். மேலாளரைக் காலடியிலிருந்து எடுத்திருக்கிறார். மனிதர் மின்கம்பமாக உயர்கிறார். எங்கள் ஆட்களை மொட்டைமாடியிலிருந்து எடுத்திருக்கிறார், எறும்பாகத் தெரிகிறார்கள். பின்னணியில் மேலாளருக்குப் புல்லாங்குழல், எங்களுக்கு உறுமும் மேளம். கோணம் கோணலானால் ஆளும் கோணல்தானே, ஐயா? விரலைத் தின்ற இயந்திரத்துக்குத் தடுப்புக் கம்பி கேட்டுத்தான் வேலைநிறுத்தம். அந்த இயந்திரம் படத்தில் ஒருமுறைகூட வரவில்லை. சண்டையைக் காட்டி, சண்டைக்கான காரணத்தை மறைப்பதும் ஒரு கட்சிதான். அம்மா கேட்டார்: “கேமராவுக்கு ஒத்தக் கண்ணுதானே? அது எங்கேருந்து ரெண்டு பக்கமும் பாக்கும்?”

3. அப்பா கையை உயர்த்துகிறார். அங்கே ஒரு வெட்டு. உடனே அலுவலகக் கண்ணாடி நொறுங்குகிறது. நடுவில் நடந்ததெல்லாம் போயிற்று. மேளத்தில் அவர் குரல் அமுங்கியதால் கீழே எழுத்து ஓடுகிறது: ‘எறிங்கடா!’ ஐயா, அவர் சொன்னது ‘எறங்குடா!’ முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று என் காதால் கேட்டேன். எழுத்து மாறியதில் எங்கள் தலையெழுத்தே மாறப்போகிறது.

4. எனவே, வெட்டாத முழுப் பதிவையும் வரவழைத்து, மேளமில்லாமல் ஒருமுறை கேட்டருளவும், அதுவரை தீர்ப்பை நிறுத்திவைக்கவும் காலில் விழுந்து வேண்டுகிறேன்.

5. யாரை இறங்கச் சொன்னார் என்று கேட்பீர்கள். அப்பா வாயைத் திறக்க மாட்டார். “நீ எறங்கினதே போதும், உன் பேரு ஃபைல்ல ஏற வேணாம்” என்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முன்வரிசை என்றது சும்மா, ஐயா. நான் ஆலை மதில்மேல், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு, மேலாளர் மாதிரி நடந்துகாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டதும் சைக்கிள் கொட்டகைக்குள் ஒளிந்தவன், எல்லாரும் போன பிறகுதான் வெளியே வந்தேன். முழுப் பதிவில் மதில்மேல் ஒரு வாளி தெரியும். அதற்கு அடியில் இருப்பது நான்தான்.

இடம்: ஆலைக்கு எதிர்த்தெரு
நாள்: தீர்ப்புக்கு முந்தைய நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்) ‘ஸ்பீக்கர்’ என்று தெருவில் அழைக்கப்படுபவன்