இரண்டு இடது கை

மார்ச் 3
இன்றும் மச்சினனோடு சண்டை. ஒரே ஆபீஸ், ஒரே வீடு, தப்பிக்க வழியில்லை. சிலிக்கான் சிப்புக்குள் ஒளி ஓடும் பாதைகளை வரைவது நான். அந்த ஒளியை ஆட்டிவைக்கும் மின்சார சிப்பை வரைவது அவன். அவன் சிப்பை என் சிப்பின்மேல் குப்புறக் கவிழ்த்து ஒட்ட வேண்டும். கைகூப்புவது போலத்தான்: கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர ஒன்று வலது கையாகவும் மற்றது இடது கையாகவும் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் வரைந்து வைத்திருப்பதோ வலது கை. ஒருவர் தன் இணைப்பு வரிசையை இடவலமாகத் திருப்பியாக வேண்டும். யார்?

"குப்புறப் படுக்கிறதே நான்தான். திரும்புறதும் நானேவா மாமா?" என்கிறான்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 9
பேச்சுவார்த்தை கிடையாது. சாப்பிடும்போது உப்புகூட மனைவி வழியாகத்தான் போகிறது.

மார்ச் 11
நாளை வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறது. போய்விட்டால் ஒரு கோட்டைக்கூட அழிக்க முடியாது. "இந்த சிப் ஓடலைன்னா ப்ராஜெக்டையே மூடிடுவாங்க" என்றார் குழுத்தலைவி. இரண்டு வரைபடங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள் இருவரும். அதற்குப் பேச வேண்டுமே!

வீட்டில் மனைவி, "ஏங்க, நீங்கதான் விட்டுக்கொடுங்களேன்" என்றாள். சரி. சத்தமில்லாமல் என் வரிசையைத் திருப்பிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. பெருந்தன்மையைச் சொல்லிக் காட்டுவார்களா என்ன?

ஆகஸ்ட் 18
சிப் வந்து, ஒட்டியும் ஆகிவிட்டது. எட்டுப் பாதைகளில் முதலாவதுக்கு மின்சாரம் கொடுத்தேன். எட்டாவது பாதையில் ஒளி அசைந்தது. இரண்டாவதுக்குக் கொடுத்தால் ஏழாவது! மச்சினன் பேய்முழி முழித்தான்.

"மாமா... அக்கா விட்டுக்கொடுக்கச் சொன்னா. நான் திருப்பிட்டேன்."

"நானும்தான்டா!"

மார்ச்சுக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இது. இரண்டு இடது கை! என்றைக்குமில்லாமல் இருவரும் அவள் சொன்னதைக் கேட்டுத் தொலைத்திருக்கிறோம். மின்சாரம் நுழையும் இடங்கள் வரிசையின் இரு முனையிலும் ஒரே மாதிரி இருந்ததால், திரும்பியும் எதுவும் கருகவில்லை. மென்பொருளில் எண்களை மாற்றிவிடலாம். சிப்பை வாங்கப்போகிறவர்கள் சோதித்துப் பார்க்க வர இன்னும் நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 19
நாள் இல்லை. இன்றே வந்து நின்றார்கள்! நாங்கள் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அவர்களுடைய பொறியாளர் தன் சொந்த ஒளியிழைக் கேபிளை எடுத்துச் செருகினார். ஒன்றை அழுத்தினார்: ஒன்றிலேயே ஒளி அசைந்தது. எட்டு: எட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க கேபிள்ல இழையெல்லாம் தலைகீழ் வரிசைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லார்கிட்டயும் இதுக்குத்தான் மல்லுக்கட்டுறோம்!" என்றார்.

"எங்க ஆளுங்க முன்யோசனைக்காரங்க" என்றார் தலைவி, கண் இமைக்காமல்.

அழுகையே வந்துவிட்டது. மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 23
ப்ராஜெக்ட் பிழைத்தது. அடுத்த சிப்பும் அதே தலைகீழ் வரிசையில் வேண்டுமாம். திருப்பியது தன் யோசனை என்று மச்சினன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். என்ன நெஞ்சழுத்தம்! திருப்பியது நானல்லவா? வீடு வரைக்கும் சண்டை வந்துவிட்டது.

"திருப்பச் சொன்னது யாரு?" என்றாள் மனைவி, சோறு போட்டபடி.

நான் உப்பை எடுத்து மச்சினனிடம் நேராகவே நீட்டினேன்; அவனும் வாங்கிக்கொண்டான்.